நினைவிழப்பும் விசுவாசமும்: மட்டக்களப்புக் கிறிஸ்தவரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

இறைவனை மறவாமை வேண்டும் என்பது தமிழ்ப் பத்தி மரபில் அடியார் பலரும் முன்வைத்த வேண்டுகோளாகும். கிறிஸ்தவ வழிபாட்டின் மையமாகிய நற்கருணையும் இயேசுவை நினைவுகூரும் செயலாகவே விதிக்கப்பட்டது. பத்தி வாழ்வுக்கு நினைவு இத்துணை இன்றியமையாததாயின், நினைக்கும் ஆற்றலையே படிப்படியாகப் பறித்துவிடும் நோய்க்கு ஆளான விசுவாசியின் நிலை யாது? நேற்றுவரை செபமாலை உருட்டிய கைகள் இன்று அம்மாலையை இன்னதென்று அறியாது திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன. ஐம்பது ஆண்டுகள் ஆலயத்திலே பாடகர் குழுவில் நின்றவர், ஞாயிறு எது, ஆலயம் எது என்று அறியாதவராகின்றார். அவருடைய விசுவாசமும் நினைவோடு சேர்ந்து அழிந்துவிட்டதா? அழியவில்லையெனின் அஃது எங்கே நிலைபெற்றுள்ளது?

இவ்வினாக்களை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள பழுகாமத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் மனத்திற் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். படுவான்கரை என வழங்கும் அப்பகுதி சைவம் செழித்த நிலம். பழுகாமத்துத் திரௌபதை அம்மன் கோயிலும் அதன் தீமிதிப்புச் சடங்கும் யாவரும் அறிந்தவை. அத்தகைய சூழலிலே கிறிஸ்தவர் சிறு தொகையினராகவே வாழ்கின்றனர். மட்டக்களப்பு மாவட்டம் முழுவதையும் நோக்கினும் அவர்கள் பத்திலொரு பங்கினுக்குக் குறைந்தோரே. தம் சமய நினைவைச் சிறு சபைகளாகவும் தனிக் குடும்பங்களாகவும் பேணிவரும் மக்களிடையே அந்நினைவு ஒரு முதியவரிடத்துக் கலையத் தொடங்கும்போது எழும் கேள்விகள் கூர்மையானவை.

1. நோயின் இயல்பு

ஈழத்துப் பேச்சு வழக்கிலே "அறளை பெயர்தல்" என்றொரு தொடர் உண்டு. முதுமையில் அறிவு தடுமாறுதலை அது குறிக்கும். முதுமை வந்தால் அறளையும் வரும் என்பது அத்தொடரினுள் மறைந்திருக்கும் எண்ணம். இன்றைய மருத்துவம் இதனை ஏற்பதில்லை. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பான விளைவன்று. மூளையிலே நிகழும் நோய்மாற்றங்களின் விளைவாகும். செருமானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டிலே தம் நோயாளி ஒருவரின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை முதன்முதலாக எடுத்துரைத்தார். 1910இல் கிரேப்பெலின் என்னும் அறிஞர் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். டிமென்ஷியாவுக்கு ஆளானோருள் 60 முதல் 70 விழுக்காட்டினரிடம் அல்சைமர் நோயே காரணமாக உள்ளது. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் பழுதுறுவதும் பிறிதொரு முக்கிய காரணமாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டிலே உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவருள் 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த நாடுகளிலும் இடைநிலை வருவாய் நாடுகளிலும் உள்ளவர். இலங்கையில் இராகமைப் பகுதியில் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வு, அறுபத்தைந்து வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் இந்நோயுடையோர் எனக் கண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் அறுபது வயதினர்க்கு மேற்பட்டோர் 12.4 விழுக்காட்டினர். முதியோர் தொகை பெருகப் பெருக இந்நோயும் பெருகும் என்பது வெளிப்படை.

நோயை முற்றாக மாற்றும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகாது. தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, தொற்று, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியனவும் மறதியையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும்; அவற்றுட் பல சிகிச்சையால் மாறத்தக்கவை. எனவே முதற்கண் மருத்துவரை நாடுதல் வேண்டும். இதனை வலியுறுத்துதற்குச் சமயஞ்சார்ந்த காரணமும் உண்டு. நோயாளி திடீரெனச் சினந்து வசை பொழிவதும், பொருளைத் திருடிவிட்டதாகப் பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டுவதும், இல்லாதவரைக் கண்டதாகப் பேசுவதும் இந்நோயின் குறிகளாக வரக்கூடும். இவற்றைச் செய்வினை என்றோ பேய்க்கோளாறு என்றோ கொண்டு அலைவோர் உளர். இவற்றைப் பாவம் என்றோ விசுவாசக் குறைவு என்றோ கருதும் கிறிஸ்தவரும் உளர். இரண்டும் தவறு. மூளையின் முன்பகுதி பழுதுறும்போது சொல்லையும் செயலையும் அடக்கியாளும் ஆற்றல் குன்றுகின்றது. அந்நிலையில் வாயினின்றும் வெளிப்படும் சொல்லைக் கொண்டு ஒருவரின் உள்ளத்தை மதிப்பிடுதல் நீதியாகாது.

2. மறைவனவும் நிற்பனவும்

நினைவு ஒரே பொருளன்று, பலவகைப்பட்டது. நேற்று நிகழ்ந்தது இன்னதென்று அறிதல் ஒருவகை. சொற்பொருள் அறிதல் இன்னொருவகை. வலை வீசுதல், பாய் இழைத்தல் போன்றவற்றைக் கை தானே செய்தல் வேறொருவகை. இவை மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பையும் அதனை அடுத்த பகுதியையும் முதலிற் தாக்குகின்றது. ஆதலாற் காலையில் உண்டது மறக்கின்றது. பள்ளிப் பருவம் மறக்கப்படுவதில்லை. புதியன முதலிற் கெட்டுப் பழையன பின்னரே கெடும் என்னும் இவ்வொழுங்கைப் பிரான்சிய அறிஞர் தியோடூல் ரிபோ 1881இலேயே எடுத்துக் கூறினார். இளமையிற் கற்றவை, மீள மீளச் சொல்லப்பட்டவை, உடலசைவோடு இணைந்தவை, இசையோடு பயின்றவை ஆகியன நெடுநாள் நிற்கின்றன. நன்கு பழகிய இசையை நினைவிற் கொள்ளும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் ஒப்பளவிற் குறைவாகவே சிதைகின்றன என 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது.

வழிபாடு என்பது இந்நான்கு இயல்புகளையும் ஒருங்கே கொண்டது. சிலுவை அடையாளம் இடுதல் கையின் நினைவு. முழந்தாளிடுதல் உடலின் நினைவு. செபம் நாவின் நினைவு. கீர்த்தனை செவியின் நினைவு. தன் மகளின் பெயரைச் சொல்ல இயலாத ஒருவர், பழகிய கீர்த்தனையொன்றை யாரேனும் தொடங்கினால் முழுவதையும் உடன் பாடுதல் பல நாடுகளிலும் பராமரிப்போர் கண்டுரைக்கும் செய்தியாகும். இது அற்புதமன்று, நினைவின் அமைப்பு அவ்வாறு உள்ளது. இயற்கையான காரணம் உண்டென்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

மற்றுமோர் உண்மையும் ஈண்டு நோக்கற்பாலது. 2014இல் அயோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் அல்சைமர் நோயாளர்க்கு மகிழ்ச்சியூட்டும் படக்காட்சிகளையும் துயரூட்டும் படக்காட்சிகளையும் காட்டினர். சிறிது நேரத்திற்குப் பின் கண்ட காட்சியைப் பலரும் மறந்தனர். காட்சி எழுப்பிய உணர்வோ அவரிடத்து நீடித்து நின்றது. இதன் பொருள் யாது? சபைப் போதகர் வந்து சென்றதை நோயாளி பத்து நிமிடத்தில் மறந்துவிடலாம். அவர் வரவினால் உண்டான ஆறுதல் மறதியைத் தாண்டி நிற்கும். அவ்வாறே அதட்டலினால் உண்டான அச்சமும் நிற்கும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் போர்க்கால இடப்பெயர்வுகளையும் கண்ட மட்டக்களப்பு முதியோரிடத்து, நிகழ்ச்சி மறந்தும் நடுக்கம் மறவாத நிலை காணப்படின் அது வியப்பன்று. "அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, போய் என்ன பயன்?" என்னும் கூற்றுக்கு இவ்வாய்வு தக்க மறுமொழியாகும்.

3. சொல் மாறிய தலைமுறை

பழையதே நிற்கும் என்னும் விதி தமிழ்க் கிறிஸ்தவரிடையே தனியொரு சிக்கலை உண்டாக்குகின்றது. கடந்த அறுபது ஆண்டுகளில் அவர்களுடைய வழிபாட்டு மொழி பெரிதும் மாறிவிட்டது.

1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் கொள்கை விளக்கத்தை வெளியிடும்வரை கத்தோலிக்கரின் பூசை இலத்தீன் மொழியிலேயே நடைபெற்றது. தமிழிற் சொல்லப்பட்ட செபங்களும் வடசொல்லும் போர்த்துக்கேயச் சொல்லும் விரவிய பழைய நடையில் அமைந்திருந்தன. பின்னர்ச் சொற்கள் ஒவ்வொன்றாக மாறின. பூசை திருப்பலியாயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவாயிற்று, அர்ச்சியசிஷ்டவர் புனிதராயினர், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியாயிற்று, மரியன்னையை வாழ்த்தும் செபத்திற் 'பிரியதத்தம்' இருந்த இடத்தில் 'அருள்' அமர்ந்தது. சீர்திருத்தச் சபையினரிடத்தும் இத்தகைய மாற்றம் உண்டு. 1871இல் வெளியான வேதாகம மொழிபெயர்ப்பே அவர்களுடைய நாவிலும் செவியிலும் ஊறியது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலோ கர்த்தர் ஆண்டவரானார், ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று.

இம்மாற்றங்கள் தூய தமிழை நோக்கியவை. இளையோர்க்குப் பொருள் விளங்கச் செய்பவை. அவற்றைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஆனால் இன்று எண்பது வயதைக் கடந்த கத்தோலிக்கர் தம் இளமை முழுவதும் பழைய சொற்களிலேயே செபித்தவர். புதிய சொற்கள் அவரிடத்துப் பிற்காலத்தே பதிந்தவை. எனவே முதலில் அழிபவை. அவருடைய படுக்கையருகே குருவானவர் புதிய செபத்தைச் சொல்லும்போது அவர் அந்நியரைப் பார்ப்பது போல நோக்குவாராயின், "இவருக்கு விசுவாசமே போய்விட்டது" என முடிவு செய்தல் எளிது. அதே செபத்தைப் 'பிரியதத்தம்' என்னும் பழஞ்சொல்லோடு தொடங்கினால் உதடுகள் அசையக்கூடும். மறந்தது செபமன்று; செபத்தின் புதிய ஆடையே.

மட்டக்களப்புப் பறங்கியர் சமூகம் இதற்குப் பிறிதொரு சான்று. போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இலங்கையில் நெடுநாள் உயிர்த்திருந்த இடங்களுள் மட்டக்களப்பு முதன்மையானது. இருமொழி பேசுவோர் இந்நோயிற் பிற்பட்டுக் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்கே மீளுதலை மருத்துவர் பலர் குறித்துள்ளனர். கிரியோலைத் தாய்மடியிற் கேட்டு வளர்ந்த முதியவர் ஒருவர் தமிழை இழக்க நேர்ந்தால், அவரோடு செபிக்க வல்லார் இன்று எத்துணைப் பேர்? வழிபாட்டு மொழியின் பழைய அடுக்குகளைப் பேணுதல் வரலாற்றாய்வாளர்க்கு மட்டும் உரிய பணியன்று. நோயாளரைப் பேணும் பணியுமாகும்.

4. இரு சமய நினைவுகள்

படுவான்கரையின் சூழல் இதனினும் அரிய வினாவொன்றை எழுப்புகின்றது. சைவக் குடும்பத்திலே பிறந்து, திருமணத்தாலோ மனமாற்றத்தாலோ இருபத்தைந்தாம் வயதிற் கிறிஸ்தவரான ஒரு பெண்மணியை எண்ணிப் பார்ப்போம். ஐம்பது ஆண்டுகள் அவர் ஆலயத்திற்குச் சென்றவர். நோய் முற்றிய காலத்தில் வைகாசி மாதக் கண்ணகி அம்மன் சடங்கின் பறையோசை கேட்டவுடன் கைகூப்புகின்றார். குழந்தைப் பருவத்திற் கேட்ட குளிர்த்திப் பாடலை முணுமுணுக்கின்றார். பிள்ளைகள் திகைக்கின்றனர். அம்மா மதம் மாறிவிட்டாரா? ஐம்பதாண்டுக் கிறிஸ்தவ வாழ்வு போலியா?

ரிபோவின் விதியை அறிந்தோர்க்கு விடை தெளிவு. ஐந்து வயதிற் பதிந்தது இருபத்தைந்தில் ஏற்றதைக் காட்டிலும் ஆழத்திலுள்ளது. மேலடுக்கு கரையக் கீழடுக்குத் தெரிகின்றது. ஒருவர் தெளிந்த அறிவோடு செய்த தெரிவை, அறிவு கலங்கிய காலத்துச் செயல் இரத்துச் செய்துவிடாது. முதுமையில் தாய்வீட்டு வழி மறவாதவர் தம் கணவரை மறுத்தவராகார். அதுபோலவே இதுவும் என்க.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. 1814ஆம் ஆண்டிலே வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்பை அடைந்து பள்ளிப் பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்தாராயினும் அப்பணி நிலைத்தது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கிழக்கிலங்கைச் சைவப் பிள்ளைகள் பலர் மிஷன் பாடசாலைகளிலேயே பயின்றனர். 1892இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரே கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். ஆகவே சைவ முதியவர் ஒருவர் நோயுற்ற காலத்திற் பள்ளியிற் பாடிய கிறிஸ்தவக் கீர்த்தனையைப் பாடினாலும் வியப்பில்லை. அவரைக் கிறிஸ்தவர் எனக் கொண்டாடுதல் எத்துணைப் பொருந்தாதோ, முற்கூறிய பெண்மணியைச் சைவத்திற்கு மீண்டவர் என்பதும் அத்துணைப் பொருந்தாது. இருவரிடத்தும் நாம் காண்பது ஒரு மண்ணின் பொது நினைவே. அம்முணுமுணுப்பை அதட்டி அடக்குதல் அன்பின் செயலாகாது. உடன்பாட இயலாதோர் அருகிருந்து கேட்டலே போதும்.

5. நினைப்பவர் யார்?

இனி இறையியல் நோக்கிற்கு வருவோம். விசுவாசம் என்பது உண்மைகளை அறிந்து ஏற்றுக்கொள்ளும் அறிவின் செயல் மட்டுமே எனின், அறிவு அழிய விசுவாசமும் அழியும் என்றே கொள்ளல் வேண்டும். வாயினால் அறிக்கையிடுதலை வற்புறுத்தும் சபைகளில் இவ்வச்சம் மிகுதி. நோயின் தொடக்க நிலையிலுள்ளவரே, "நாளை நான் என் ஆண்டவரை மறுதலித்துவிடுவேனோ" என அஞ்சுதலும் உண்டு.

இவ்வச்சம் தமிழ்ப் பத்தி மரபுக்குப் புதிதன்று. பெரியாழ்வார் தம் பாசுரத் தொகுதியொன்றில், இறுதிக் காலத்துத் துன்பத்தில் இறைவனை எண்ண இயலாதுபோகும் எனக் கருதி, அக்காலத்திற்குரிய நினைவை அறிவு தெளிந்த வேளையிலேயே செலுத்தி வைக்கின்றார். சுந்தரர் தம் கொடுமுடிப் பதிகத்தில், நெஞ்சு மறதியுற நேர்ந்தாலும் ஐந்தெழுத்தைப் பயின்ற நா அதனைக் கைவிடாது என்னும் உறுதியை அமைக்கின்றார். முன்னையது முற்கூட்டியே நினைத்தல். பின்னையது பழக்கத்தின் வலிமை. வைணவ மரபு மேலும் ஒருபடி செல்கின்றது. அடியவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் வேளையில் அவனைத் தானே நினைப்பதாக இறைவன் உறுதி கூறுவது வராக சரம சுலோகத்தின் கருத்து.

கிறிஸ்தவ வேதத்திலும் நினைத்தலின் முதற்பொறுப்பு இறைவனுடையதே. நோவாவை இறைவன் நினைத்தபோது வெள்ளம் வடிந்தது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்தோரின் முன்னோருடன் செய்த உடன்படிக்கையை நினைத்தபோது விடுதலை தொடங்கியது. எபிரேய மொழியில் இறைவன் 'நினைத்தல்' என்பது செயற்படுதலையே குறிக்கின்றது. ஏசாயா நூலின் 49ஆம் அதிகாரம், தாய் தன் பிள்ளையை மறத்தல்கூட நிகழக்கூடும், இறைவன் தன் மக்களை மறத்தல் நிகழாது என்னும் கருத்தை உரைக்கின்றது. தாய் பிள்ளையையே அறியாத நிலையை நாள்தோறும் காணும் இல்லங்களில் இப்பகுதியின் பொருள் வேறு எங்கும் விளங்காதவாறு விளங்கும். சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய கள்வன் அவரைத் தான் நினைப்பதாகக் கூறவில்லை. தன்னை நினைக்குமாறே வேண்டினான். செபிக்க அறியாத வேளையில் ஆவியானவரே சொல்லிறந்த பெருமூச்சோடு பரிந்துரைக்கின்றார் எனப் பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரம் கற்பிக்கின்றது.

இக்கருத்தை இக்காலத்தில் விரிவாக ஆராய்ந்தவர் ஸ்கொத்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோன் சுவிண்டன் ஆவார். தாதியாகப் பணிபுரிந்து பின்னர் இறையியற் பேராசிரியரான அவர் 2012இல் வெளியிட்ட நூலில், மனிதர் இன்னார் என்பது அவர் தம்மைப் பற்றி நினைவுகூர்வதிலன்று, இறைவன் அவரை நினைவுகூர்வதிலேயே தங்கியுள்ளது என நிறுவினார். விசுவாசத்தினாலேயே மீட்பு, செயல்களினாலன்று என்பது சீர்திருத்தச் சபையாரின் அடிப்படைக் கொள்கை. நினைவுகூர்தலும் மனிதன் செய்யும் ஒரு செயலே. அச்செயலைச் செய்ய இயலாமற்போனமையால் ஒருவர் அருளை இழப்பாராயின் அவ்வருள் அருளாகாது. 1755ஆம் ஆண்டிலே ஜோன் வெஸ்லி தொடக்கிவைத்த உடன்படிக்கை ஆராதனையை மெதடிஸ்தர் ஆண்டுதோறும் நடத்துகின்றனர். உடன்படிக்கைக்கு இரு தரப்பினர் உண்டு. ஒரு தரப்பினர் தாம் கொடுத்த வாக்கை நோயினால் மறந்தாலும் மற்றைத் தரப்பினர் அதனை மறவார் என்பதே அதன் உறுதிப்பாடு.

எனினும் இக்கொள்கை நோயின் கொடுமையை மறைக்கும் திரையாகிவிடல் ஆகாது. அமெரிக்காவின் மயாமி நகரிற் போதகராயிருந்து அல்சைமர் நோயுற்ற ரொபேட் டேவிஸ் 1989இல் வெளியான தம் நூலில், செபத்திலும் வேத வாசிப்பிலும் முன்பு கண்ட ஆறுதல் தம்மைவிட்டு அகன்ற துன்பத்தை மறைக்காது எழுதினார். இறைவன் நினைக்கின்றார் என அறிதல் வேறு. அதனை உணர்தல் வேறு. உணர்வற்ற இருளை மறதியின் நாடு என்னும் உருவகத்தால் முறையிடும் 88ஆம் சங்கீதமும் வேதத்திலேயே இடம்பெற்றுள்ளது. முறையீடும் விசுவாசத்தின் ஒரு வடிவமே.

6. சபையின் கடன்

இறைவனின் நினைவு செயலாக வெளிப்படுவதாயின், அது மனிதர் கைகள் வழியாகவே நோயாளியை அடைதல் வேண்டும். 1995இல் தம் 46ஆம் வயதிலே டிமென்ஷியா உடையவரென அறியப்பட்ட அவுஸ்திரேலியப் பெண்மணி கிறிஸ்டீன் பிறைடன், தமக்காக நினைவுகூரும் பொறுப்பைத் தம் சபையிடம் ஒப்படைப்பதாகத் தம் நூல்களில் எழுதியுள்ளார். குழந்தைத் திருமுழுக்கை ஏற்கும் சபைகள் இதற்குரிய இலக்கணத்தை முன்னரே பெற்றுள்ளன. தான் இன்னதென்று அறியாத குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபையும் விசுவாசத்தை அறிக்கையிடுகின்றனர். வாழ்வின் தொடக்கத்திற் செய்ததை அதன் முடிவிற் செய்ய மறுத்தல் எவ்வாறு பொருந்தும்?

திருச்சபைச் சட்டமும் இதற்கு இடந்தருகின்றது. முன்னர் 'அவஸ்தைப் பூசுதல்' என வழங்கிய அருட்சாதனம் மரணப் படுக்கைக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்டது. 1972இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அதன் முறையைச் சீரமைத்தபின் அது நோயாளர்க்குரிய பூசுதலாக விளங்குகின்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1004ஆம் சட்டம் நோயினாலோ முதுமையினாலோ ஆபத்துக்குள்ளாகும் விசுவாசிக்கு இதனை வழங்கலாம் என்கின்றது. 1006ஆம் சட்டம், அறிவு தெளிந்த காலத்தில் ஒருவர் குறிப்பாகவேனும் இதனை விரும்பியிருப்பின் அறிவிழந்த காலத்திலும் வழங்கப்படல் வேண்டும் என விதிக்கின்றது. வாழ்நாளெல்லாம் ஆலயம் சென்றதைவிடச் சிறந்த குறிப்பு வேறு யாது?

பராமரிப்போரின் நிலையும் சிந்தித்தற்குரியது. மட்டக்களப்புச் சமூக அமைப்பு தாய்வழிப்பட்டது; வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. ஆதலால் முதிய பெற்றோர் பெரும்பாலும் மகளோடு, அல்லது மகள் வீட்டை அடுத்து வாழ்கின்றனர். பேணும் சுமையும் மகளுடையதே. அம்மகள் பிழைப்புத் தேடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றிருப்பின், அச்சுமை பேத்தியின் தோளில் இறங்குகின்றது. இரவில் உறக்கமின்றிப் பகலில் ஓய்வின்றி நிற்கும் அவர்களே முதலில் ஆலயத்தைவிட்டு நீங்குகின்றனர். வீட்டைவிட்டு அகல இயலாமையே அதற்குக் காரணமாகும்.

இதனால் ஒவ்வொரு சபையும் செய்யத்தக்கன சில உண்டு. நோயின் தொடக்கத்திலேயே அவருக்குப் பழகிய செபங்கள், கீர்த்தனைகள், அவர் ஓதிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். பழைய செபப் புத்தகங்களை எறிந்துவிடாது பேணுதல் வேண்டும். இளங் குருமாரும் போதகர்களும் அவற்றின் பழஞ்சொற்களைக் கற்றிருத்தல் வேண்டும். நோயாளர் பலர் பொழுது சாயும் வேளையில் மிகுதியாகக் கலக்கமுறுவர். எனவே குடும்ப மாலைச் செபத்தை விளக்கேற்றும் நேரத்திற்கு முன்னரே சுருக்கமாக முடித்தல் நன்று. "என்னைத் தெரிகிறதா?" என்று வினவிச் சோதித்தலைத் தவிர்த்து, தன் பெயரைச் சொல்லிக் கைபற்றி அமர்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஞாயிறுதோறும் ஒருவர் முறைவைத்து நோயாளி அருகே இரண்டு மணி நேரம் இருப்பாராயின் அவ்வீட்டு மகள் ஆலயம் செல்ல இயலும். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. சிறு சபையாலும் இது கூடும். அயலிலுள்ள சைவக் குடும்பத்தினர் இதற்கு உதவ முன்வரின் அதனை ஏற்பதில் தடையொன்றும் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது இது. மறதி நோய் விசுவாசியின் அறிவுசார்ந்த நினைவை முதலிற் கவர்கின்றது. உடலும் நாவும் செவியும் பயின்ற நினைவை நெடுநாள் விட்டுவைக்கின்றது. இறுதியில் அதனையும் கவர்கின்றது. அப்போது எஞ்சுபவை சபையின் நினைவும் இறைவனின் நினைவுமே. இறைவனின் நினைவைப் பற்றி விசுவாசிகள் ஐயுறுவதில்லை. ஐயத்துக்குரியது சபையின் நினைவே. ஆலயத்து இருக்கையொன்று வெறுமையாகி ஆறு திங்கள் சென்றபின்னும் அதில் அமர்ந்தவரை எவரும் தேடிச் செல்லாராயின், அங்கே மறதி நோயுற்றது யார் என்பதைச் சபையாரே தம்மை வினவிக்கொள்ளல் வேண்டும்.